புழு உழுத நிலம்

"புழு!"

ஒருவனை இகழ வேண்டும், அவன் மீண்டும் தலை நிமிராதபடி தாழ்த்திவிட வேண்டும் என்று எண்ணுவோர் நெடுந்தொலைவு சென்று சொல் தேடுவதில்லை. இந்த ஒரு சொல் போதும் அவர்களுக்கு. கண் இல்லை அதற்கு; காது இல்லை; கால் இல்லை; முதுகெலும்பு இல்லை. ஆகவே மதிப்பும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டனர். மண்ணுக்குக் கீழே கிடப்பதாலேயே அது கீழானது என்றும் தீர்ப்பளித்துவிட்டனர்.

பிறரைக் குறை கூறுவானேன்? நாமும் அப்படித்தான் இருந்திருக்கிறோம். மழை விட்ட காலைப்பொழுதிலே, தெருவோரத்திலே நெளிந்து கிடந்த மண்புழுவைக் கண்டு முகம் சுளித்திருக்கிறோம்; தூண்டில் முள்ளிலே கோத்து மீனுக்கு எறிந்திருக்கிறோம். பள்ளியிலே, "மண்புழு உழவனின் நண்பன்" என்று எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். என்ன நட்பு அது, யார் கண்டறிந்தது, எப்படிக் கண்டறிந்தார் என்று மட்டும் கேட்டோமில்லை. மனப்பாடம் செய்தோம்; மறந்தோம்!

அந்தக் கேள்விக்கு விடை ஒரு வரலாறு. நாற்பத்து நான்கு ஆண்டுகள் நடைபெற்ற வழக்கு என்றே சொல்லலாம். குற்றவாளிக் கூண்டிலே நின்றது மண்புழு. அதன் பக்கம் நின்று வாதாடியவர் சார்லஸ் டார்வின். எதிர்ப்பக்கம் நின்றது, மனிதனின் நெடுநாளைய வழக்கமான ஓர் எண்ணம்: சிறியது பெரிய காரியம் செய்யாது என்னும் எண்ணம்.

டார்வின் பேசுவதற்கு முன்பே புழுவுக்காகப் பேசியவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்திலே செல்போர்ன் எனும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட். அவர் மதகுரு, ஆயினும் இயற்கையைப்பற்றி எழுதும்போது, கண்ணால் கண்டதையே எழுதிய மனிதர். 1777ஆம் ஆண்டு எழுதிய கடிதமொன்றிலே அவர், மண்புழு இல்லாவிடில் நிலம் இறுகிக் குளிர்ந்து வளமிழந்து போகும் என்று குறிப்பிட்டார். அந்நாளில் தோட்டக்காரர் புழுவை வெறுத்தனர், நடைபாதையை அசிங்கப்படுத்துகிறதென்று! உழவரும் வெறுத்தனர், இளம்பயிரைத் தின்றுவிடுகிறதென்று! யாருக்காக உழைத்ததோ, அவர்களே பகைவர். ஒயிட்டின் கடிதங்கள் 1789இல் நூலாக வந்தன. பலர் படித்தனர், பாராட்டினர். புழுவின் வேலையை அளந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

அளக்கத் தொடங்கிய ஆண்டு 1837. உலகைச் சுற்றிவந்த பீகிள் கப்பலிலிருந்து டார்வின் இறங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. எரிமலை கண்டவர், பவளத்தீவு கண்டவர், ஆண்டிஸ் மலையிலே ஏறி, அங்கே கடற்சிப்பிகளின் படிவம் கண்டவர். அத்தகையவர் மேர் எனும் ஊருக்குத் தம் மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்டைக் காணச் சென்றார். மாமன் அவரை அழைத்துச் சென்று காட்டியது மலையுமல்ல, மாளிகையுமல்ல, ஒரு புல்வெளி! சில ஆண்டுகளுக்கு முன்பு அந்நிலத்தின் மேலே சுண்ணாம்பும் கரித்துண்டுகளும் பரப்பியிருந்தனர். இப்போது அவை மேலே காணோம். தோண்டிப் பார்த்தால் சில அங்குல ஆழத்திலே, கோடு கிழித்தாற்போல ஒரே வரிசையாகக் கிடந்தன. புதைத்தவர் யாருமில்லை. உழவும் இல்லை. பின் எப்படிக் கீழே போயின? புழுக்களின் வேலையாக இருக்கலாம் என்றார் மாமன்.

அற்பச் செய்தி என்று டார்வின் அதைத் தள்ளிவிடவில்லை. அதே ஆண்டு நவம்பரில், லண்டன் நிலவியல் சங்கத்திலே கட்டுரையொன்று படித்தார். கற்கள் கீழே போகவில்லை; அவற்றின் கீழிருந்த மண்தான் மேலே வந்தது! புழு கீழே மண்ணை விழுங்குகிறது. மேலே வந்து கழிக்கிறது. அந்தக் கழிவு பரவிப் பரவி, மேலே கிடந்ததையெல்லாம் மூடிவிடுகிறது. இதுதான் அவர் சொன்னது.

அறிஞர் உலகம் ஏற்றதா? பிரான்சு நாட்டு நிலவியலறிஞர் டார்ஷியாக் அதை ஒரு விசித்திரக் கொள்கை என்று கருதி மறுத்தார். 1869இலே, தோட்டக்கலை ஏடொன்றில் பிஷ் என்பவர் மறுப்பு எழுதினார். அவர் கூறிய காரணத்தைக் கவனிக்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் பார்த்தேன், டார்வின் சொன்னபடி இல்லை என்று அவர் கூறினாரா? இல்லை! புழு எவ்வளவு சிறியது, எவ்வளவு வலிவற்றது. அதன்மீது ஏற்றிக் கூறப்படும் வேலையோ எவ்வளவு பெரியது! ஆகவே நம்புவதற்கில்லை என்றார்.

அதாவது, சான்று சரியில்லை என்பதல்ல வாதம். ஆள் சரியில்லை என்பதே வாதம்!

இந்த வாதம் நமக்குப் புதிதா? ஒரு செயலை எடைபோடுவதற்குமுன் செய்தவன் யார் என்று கேட்டு, அவன் உருவம் பார்த்து, இருக்குமிடம் பார்த்து, "இவனாலா ஆகும்!" என்று கைகொட்டிச் சிரிப்பது எல்லா நாட்டிலும் நடந்ததே. டார்வின் இதற்குச் சினம் கொள்ளவில்லை. தொடர்ந்து நிகழும் சிறு காரணங்களைக் கூட்டிப் பார்க்க இயலாத மனம்தான் அறிவு வளர்ச்சியைப் பலமுறை தடுத்திருக்கிறது என்று பின்னாளில் எழுதினார். நிலவியலிலும் அந்தத் தடை இருந்தது; உயிர்களின் படிமலர்ச்சிக் கொள்கையிலும் இருந்தது. மலை தேய்வதைக் கண்ணால் காண முடியாது. ஆகவே மலை தேயாது என்றனர். உயிரினம் மாறுவதைக் கண்ணால் காண முடியாது. ஆகவே மாறாது என்றனர். புழுவின் வழக்கும் அதே வழக்குதான்.

வழக்கிலே வெல்லச் சொல் போதாது, சான்று வேண்டும். டார்வின் 1842இல் கென்ட் மாநிலத்திலே டௌன் எனும் ஊரில் குடியேறினார். அவ்வாண்டு டிசம்பரிலே, வீட்டருகே இருந்த வயலின் ஒரு பகுதியில் உடைத்த சுண்ணக்கற்களைப் பரப்பச் செய்தார். பரப்பிவிட்டு? காத்திருந்தார். ஓராண்டு அல்ல, ஈராண்டு அல்ல; 29 ஆண்டுகள்! இடையே 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது, உலகம் கொந்தளித்தது, ஏசினர், ஏத்தினர். வயலிலே புழுக்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. 1871 நவம்பரில் குறுக்கே பள்ளம் வெட்டிப் பார்த்தபோது, வெண்கற்கள் ஏழு அங்குல ஆழத்திலே வரிசையாக இருந்தன. ஆண்டுக்குக் கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. மண்வெட்டி ஒன்றும், அளவுகோல் ஒன்றும், பொறுமையும் போதுமாயிருந்தன.

இன்னொரு வயல். 1841இல் கடைசியாக உழப்பட்டது. மேலே முழுதும் சக்கிமுக்கிக் கற்கள். டார்வினின் பிள்ளைகள் அதற்குக் 'கல்வயல்' என்றே பெயரிட்டிருந்தனர். சரிவிலே அவர்கள் ஓடும்போது கற்கள் ஒன்றோடொன்று மோதி ஒலிக்குமாம். இந்தக் கற்களெல்லாம் மூடப்படுவதை நாம் உயிரோடு இருந்து காண்போமா என்று ஐயுற்றார் அவர். முப்பது ஆண்டு சென்றது. குதிரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பாய்ந்தோடினாலும் இலாடத்திலே ஒரு கல்லும் படாத புல்வெளியாகிவிட்டது அது!

நிலத்திலே மட்டுமா? வீட்டுக்குள்ளேயும் ஆராய்ந்தார். மண் நிரப்பிய தொட்டிகளிலே புழுக்களை வளர்த்தார். அவற்றுக்குக் காது உண்டா? ஊதல் ஊதிப் பார்த்தார். பாசூன் எனும் குழலை வாசிக்கச் செய்தார். பியானோவை உரக்க ஒலிக்கச் செய்தார். புழுக்கள் அசையவில்லை. ஆனால் தொட்டியையே பியானோவின்மீது வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் வளைக்குள்ளே ஓடிவிட்டன. ஓசை கேட்கவில்லை; அதிர்வு தெரிந்தது. உலகப் புகழ் பெற்ற முதியவர், பேரப்பிள்ளை காணும் வயதிலே, இசைக்கருவியின் மேலே புழுத்தொட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்! நகைப்பார்களே என்ற அச்சம் அவரிடம் இல்லை. ஆராய்ச்சியாளனுக்கு வேண்டிய துணிவுகளிலே இதுவும் ஒன்று.

புழு தன் வளை வாயிலை இலையால் அடைக்கும். எந்தப் பக்கத்தைப் பிடித்து இழுக்கிறது? எண்ணினார். எலுமிச்சை மரம் அல்ல, 'லைம்' என்று அங்கே வழங்கும் வேறொரு மரம். அதன் இலைகளில் 70 எடுத்துப் பார்த்ததில், நூற்றுக்கு 79 குறுகிய நுனியைப் பிடித்து இழுக்கப்பட்டிருந்தன. பழக்கத்தால் செய்கிறதோ என்ற ஐயம் எழுந்தது. ஆகவே, எந்தப் புழுவின் முன்னோரும் கண்டிராத பொருளைக் கொடுத்தார்: தாளில் வெட்டிய முக்கோணங்கள் 303! அவற்றிலும் நூற்றுக்கு 62, கூர்முனையைப் பிடித்தே இழுக்கப்பட்டன. குருட்டாம்போக்கு என்று இதைத் தள்ள முடியாது, சிறிதளவேனும் அறிவு இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். இகழ்ச்சிக்குரிய சின்னமாக நாம் வைத்திருந்த உயிர், பொருளின் வடிவத்தைத் தடவிப் பார்த்து, எளிய வழியைத் தேர்ந்தெடுத்தது!

இவ்வளவு வேலையைச் செய்யும் உடல் எத்தகையது? பார்ப்போம்.

ஐரோப்பிய மண்புழுவின் உடல் ஏறத்தாழ நூற்றைம்பது வளையங்களால் ஆனது. வளையந்தோறும் நான்கு இணைச் சிறு முட்கள். அவற்றை மண்ணிலே ஊன்றிக்கொண்டு, தசைகளைச் சுருக்கியும் நீட்டியும் நகர்கிறது. நம் கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அறுத்துப் படித்தது வேறு இனம்: பெரிட்டிமா. அதற்கு முட்கள், பெரும்பாலான வளையங்களில், கால்கொலுசுபோலச் சுற்றிலும் இருக்கும். அந்த இந்தியப் புழுவைப்பற்றி லக்னோப் பேராசிரியர் கே. என். பாஹ்ல் 1926இல் எழுதிய தனி நூல், பல்லாண்டுக்காலம் மாணவர்க்கு வழிகாட்டியாயிற்று.

நுரையீரல் இல்லை; ஈரத்தோலே மூச்சுறுப்பு. தோல் உலர்ந்தால் மூச்சு முட்டிச் சாகும். குருதியோ நம் குருதிபோலவே சிவப்பு. அதே செந்நிறப் பொருள்தான். ஐரோப்பியப் புழுவிலே இதயம்போல் சுருங்கி விரியும் குழாய்கள் ஐந்து இணை. பல் இல்லை, ஆனால் கோழிக்கு இருப்பதுபோல அரைவைப்பை உண்டு. விழுங்கிய மணல் துகள்களே அதற்கு அம்மியும் குழவியும். அரைபட்ட மண்ணும் இலைத்துகளும் நீண்ட குடலின் வழியே செல்கின்றன. குடலின் உட்புறத்திலே நீளவாக்கில் ஒரு மடிப்பு, உணவைச் சாறாக்கி உறிஞ்சும் பரப்பைப் பெருக்குகிறது. சுண்ணச்சத்தை வெளியிடும் சுரப்பிகளும் உண்டு. மூளை என்று சொல்லத்தக்க சிறு நரம்புத்திரள் தொண்டைக்கு மேலே. அதிலிருந்து வயிற்றுப்புறமாக நரம்பு வடம். கண் இல்லை, ஆயினும் ஒளியை உணரும் அணுக்கள் தோலிலே உள்ளன. ஆண் பெண் என்ற பிரிவு இல்லை. ஒவ்வொரு புழுவும் இரண்டுமாம்.

வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று சிறுவயதிலே நமக்குச் சொன்னார்களே, அது பொய். தலைப்பகுதி பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளக் கூடும். வாலிலிருந்து இன்னொரு முழுப் புழு தோன்றுவதில்லை. வெட்டிவிட்டு நன்மை செய்தோம் என்று மகிழ்ந்த சிறுவர்கள் கொலைதான் செய்தார்கள்!

இனி மண்ணுக்கு வருவோம். புழு தோண்டும் வளைகளின் வழியே காற்று இறங்குகிறது, மழைநீர் இறங்குகிறது, பயிரின் வேரும் இறங்குகிறது. சருகு மக்கி மண்ணோடு கலக்கிறது. புழுவின் உடல் வழியே வந்த மண் உருண்டை உருண்டையாய்த் திரள்கிறது. பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க தழைச்சத்தும் மணிச்சத்தும் சுற்றியுள்ள மண்ணைவிட அதிலே மிகுதி. கலப்பை மனிதனின் பழம்பெரும் கண்டுபிடிப்புகளில் ஒன்று. ஆனால் மனிதன் தோன்றுமுன்பே உழவு நடந்துகொண்டிருந்தது!

எவ்வளவு உழவு? அதைத்தான் டார்வின் எடைபோட்டார். ஒரு சதுர கெஜ நிலத்தை அளந்து, அதிலே புழுக்கள் மேலே கொட்டிய மண்ணையெல்லாம் திரட்டி, உலர்த்தி, நிறுத்தனர். இடத்துக்கு இடம் மாறுபட்டு, ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஏழரை டன் முதல் பதினெட்டு டன் வரை என்று கணக்கு வந்தது. இங்கிலாந்தின் பல பகுதிகளிலே ஏக்கருக்குப் பத்து டன்னுக்குமேல் என்றார். செருமானிய அறிஞர் ஹென்சன், தோட்டநிலத்தில் ஏக்கருக்கு 53,767 புழுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருந்தார். வயலிலே பாதிதான் இருக்கும் என்று டார்வின் அடக்கமாகவே எடுத்துக்கொண்டார்.

சரி, நாமே வகுத்துப் பார்ப்போம். பத்து டன் மண், ஏறத்தாழ 27,000 புழுக்கள், 365 நாட்கள். ஒரு புழுவின் பங்கு நாளொன்றுக்கு எவ்வளவு வருகிறது? ஏறத்தாழ ஒரு கிராம்! ஒரு சிட்டிகை மண்! "இவ்வளவு சிறிய உயிர் இவ்வளவு பெரிய வேலையை எப்படிச் செய்யும்?" என்று கேட்டாரே பிஷ், அதற்கு விடை இந்த ஒரு கிராம்தான். எந்தப் புழுவும் பெரிய வேலை செய்யவில்லை. ஒவ்வொன்றும் தன்னாலான சிறு வேலையைச் செய்தது, நாள்தோறும் செய்தது, எல்லாம் செய்தன. வியப்பு புழுவிலே இல்லை, கூட்டலிலே இருக்கிறது. பிஷ் என்பாருக்குப் புழு தெரியாமலில்லை, கூட்டல்தான் மறந்துபோயிற்று.

1877இலே, 68 வயதில், டார்வின் ஸ்டோன்ஹெஞ்ச் சென்றார். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நிறுத்தப்பட்ட பெருங்கற்கள் அவை. விழுந்து கிடந்த கற்கள் சில, மண்ணுக்குள்ளே ஓரளவு அமிழ்ந்திருக்கக் கண்டார். அபிங்கர் எனும் ஊரில், உரோமானியர் மாளிகையொன்றின் சிதைவுகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டிருந்தன. அங்கே கெட்டித்தளத்தையும் துளைத்து வந்துகொண்டிருந்தன புழுக்கள். பழங்காசுகளும் தளங்களும் சிதையாமல் மூடிக் காக்கப்பட்டதற்குப் பழம்பொருளாய்வோர் புழுக்களுக்கு நன்றி செலுத்த வேண்டும் என்றார் அவர். உரோமப் பேரரசு உலகையே ஆண்டது. அதன் மாளிகைத் தரையை மூடியதோ, எந்த அரசும் கணக்கிலே எடுத்துக்கொள்ளாத புழு!

1881 அக்டோபரில் நூல் வெளிவந்தது. புழுக்களின் செயலால் மண் உருவாதல் பற்றிய அந்நூல், ஆயிரக்கணக்கில் விற்பனையாயிற்று. பஞ்ச் எனும் நகைச்சுவை ஏடு, புழுவிலிருந்து குரங்கும் குரங்கிலிருந்து கனவானும் சுழன்று வருவதாகக் கேலிச்சித்திரம் தீட்டியது. கேலி செய்தோர் செய்துகொண்டிருக்க, உண்மை நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் டார்வின் மறைந்தார். அவர் எழுதிய கடைசி நூல் அது. பீகிள் கப்பலிலே உலகைச் சுற்றியவரின் இறுதி நூல், வீட்டுப் புறத்திலே நெளிந்த புழுவைப்பற்றியது!

தமிழிலும் புழுவை ஏறெடுத்துப் பார்த்த புலவர் உண்டு. அதற்கு நம் மொழியிலே நாங்கூழ் என்றொரு பழம்பெயர் இருக்கிறது. டார்வினின் நூல் வந்து பத்தாண்டு கழித்து, 1891இல், பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 'மனோன்மணீயம்' வெளியிட்டார். அந்நாடகத்திலே நடராசன், நாங்கூழ்ப் புழுவைப் பார்த்துப் பேசுகிறான். அதன் உழைப்பைப் போற்றுகிறான். அரசரும் அமைச்சரும் சூழ்ச்சியும் நிறைந்த நாடகத்திலே புழுவுக்கும் ஓரிடம் தந்த புலவரை நினைத்து நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அந்தப் பெருமையோடு நின்றுவிடக் கூடாது. பாட்டு போற்றியது, எடைபோட்டுப் பார்க்கும் வேலை நமக்கு மிச்சமிருந்தது.

எடைபோடும் வேலை இன்றும் முடியவில்லை. உலகெங்கும் நடைபெற்ற சோதனைகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஆய்வு, மண்புழு இருக்கும் மண்ணிலே பயிர் விளைச்சல் சராசரியாக நூற்றுக்கு 25 பங்கு கூடுகிறது என்று காட்டியது. 2023இல் வந்த மற்றொரு மதிப்பீடு, உலகத் தானிய விளைச்சலில் நூற்றுக்கு ஆறரைப் பங்கு புழுவின் உழைப்பால் வருவது என்கிறது. பதினாறு பிடிச் சோற்றிலே ஒரு பிடி புழு தந்தது என்று கொள்ளலாம்.

இதைப் படித்தவுடன், நேற்றுவரை மிதித்த புழுவுக்கு இன்று கோயில் கட்டக் கிளம்பிவிடுவோர் இருப்பர். எகிப்து நாட்டு அரசி கிளியோபாத்ரா மண்புழுவைப் புனிதமாக்கினாள் என்றொரு கதையை இப்போதே பலர் எழுதிவருகின்றனர்; பழைய ஏடுகளிலே அதற்குச் சான்று காணோம். புழுவுக்குப் புராணம் தேவையில்லை! மேலும், எங்கும் எப்போதும் அது நன்மையே செய்யும் என்பதும் உண்மையன்று. வட அமெரிக்காவிலே, பனிக்கட்டிப் பாளங்கள் ஒரு காலத்திலே மூடிக்கிடந்த வடபகுதிக் காடுகளில், மண்புழு இல்லாமலேயே மரங்கள் வளர்ந்து பழகியிருந்தன. ஐரோப்பியர் கொண்டுவந்த செடியோடும் மண்ணோடும் புழுவும் வந்து சேர்ந்தது. காட்டின் தரையை மூடியிருந்த சருகுப் படுகையை அது விரைந்து தின்றுவிடுகிறது. அந்தப் படுகையை நம்பி வாழும் செடிகள் அழிகின்றன. வயலிலே நண்பன்; அந்தக் காட்டிலே பகைவன். இதையும் அளந்துதான் அறிந்தனர். இகழ்ச்சியும் கண்மூடித்தனம், வழிபாடும் கண்மூடித்தனம். இரண்டுக்கும் நடுவே இருப்பது அளவுகோல்.

டார்வினுக்கு நம்மிடம் இல்லாத எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது. மண்வெட்டி நம்மிடம் உண்டு, தராசு உண்டு, புழுவும் உண்டு. அடுத்த மழைக்குப் பின்பு, வயல் வரப்பிலோ வீட்டுக் கொல்லையிலோ ஒரு கெஜச் சதுரம் குறித்துக்கொள்வோம். புழு மேலே தள்ளியிருக்கும் சிறு சிறு மண்குவியல்களை வாரமொரு முறை திரட்டுவோம், உலர்த்துவோம், நிறுப்போம், ஏட்டிலே குறித்து வைப்போம். ஓராண்டு செய்வோம். நச்சு மருந்து தெளித்த வயலிலே எவ்வளவு, தெளிக்காத வயலிலே எவ்வளவு என்று பக்கத்திலே எழுதிப் பார்ப்போம்.

அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டபின், "புழு!" என்று யாரையேனும் இகழ நமக்கு வாய் வருகிறதா, பார்ப்போம்.